ஈயக் கொப்பரையின் அருகே

ஈயச் சொம்பில் ரஸம் வைக்கும் குடும்பங்களில், புதிதாக வந்த நாட்டுப்பெண்ணுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சொம்பில் ஜலத்தை விட்ட பிறகுதான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதே அது. இதை மறந்துவிட்டு, வெறும் சொம்பு கண்ணெதிரே குழைந்து அடி விட்டு, வெள்ளிப் பாகைப் போல் அடுப்பில் ஓடுவதைக் கண்டு திகைத்தவர்கள் அநேகர். அடுப்பின் மேல் அதில் குற்றமில்லை. வெள்ளீயத்தின் சுபாவம் அது. 232 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் அது உருகிவிடும். உள்ளே ரஸம் இருக்கும் வரையில் சொம்பு நூறு டிகிரிக்கு மேல் அதிகம் ஏறாது. ரஸம் இல்லையென்றால் அதற்குக் காவல் இல்லை.

இவ்வளவு சுலபமாக உருகுகிற உலோகம் பூஷணங்களுக்கு லாயக்கில்லை என்றாலும், ஒன்றோடொன்றைப் பற்றவைப்பதற்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. அப்படிப் பற்றவைக்கும் உலோகப் பொடிக்குப் 'பற்றாசு' என்று நம் முன்னோர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு தெருத் தெருவாக வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவரை நினைவுள்ள பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் தரையில் குழி பறித்து, துருத்தி வைத்துக் கரி மூட்டி, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். உடனே வெண்மையான புகை குபீரென்று கிளம்பி மூக்கைத் துளைக்கும். சுற்றி நின்ற குழந்தைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. ஆனால் காரியம் செய்தது அந்தப் பொடிதான். பாத்திரத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பை அது தின்றுவிடுவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. அழுக்குப் படிந்த செம்பில் எத்தனை ஈயத்தை ஊற்றினாலும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடிவிடும்.

ஈயம், நெருப்பு, களிம்பைத் தின்னும் மருந்து ஆகிய இந்த மூன்றையும் கொண்டுதான் இன்றைய மின்னணு உலகம் முழுவதும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டு வாசலில் உள்ள மின்சார மீட்டர், பூஜை அறையில் எரியும் பல்பு, தேர்தல் நாளன்று நாம் பொத்தானை அழுத்தும் வாக்குப் பதிவு யந்திரம் எதைத் திறந்து பார்த்தாலும், உள்ளே பச்சை நிறத்தில் ஒரு போர்டு இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் பனித்துளிகளைப் போல் நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள் பளபளக்கும். அவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் யந்திரம் வேலை செய்யாது.

ஒரு காலத்தில் இந்தப் போர்டுகள் கப்பலேறி வந்தன. தேசத்திலேயே இவற்றைச் செய்ய வேண்டும் என்னும் சங்கற்பத்தினால்தான் 1954-ம் வருஷத்தில் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனமும், 1967-ல் ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் தோன்றின. நம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைப்பேசித் தொழிற்சாலை 2006-ல் வேலையைத் தொடங்கி 2014-ல் நின்றது. ஆனால் அந்தச் சாலையில் அதற்கு முன்னும் பின்னும் வந்த தொழிற்சாலைகள் அநேகம். விடிவதற்கு முன்பே கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசை வரிசையாகப் போவதை அந்தப் பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள் காணலாம். சுதேசிப் பொருள் என்று நாம் பெருமையுடன் வாங்குகிறவற்றில் பல, அந்தப் பெண்களின் கை வழியே வருகின்றன. அந்தக் கைகளுக்கும் சுவாசத்துக்கும் என்ன காவல் இருக்கிறது என்று கேட்பதும் சுதேசியத்தில் சேர்ந்ததுதான் என்பது நம் அபிப்பிராயம்.

அலை வீசும் உலோகம்

அம்பத்தூர்ப் பக்கத்தில் மீட்டர் போர்டுகள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில், 'வேவ் ஸோல்டரிங்' யந்திரம் என்பதை நிதானமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. கைப்பேசிப் போர்டுகளில் உறுப்புகள் கடுகைவிடச் சிறியவை. அவற்றை ஈயக் குழம்பு தடவி, நீண்ட சூட்டடுப்பில் விட்டு ஒட்டுகிறார்கள். கால்களை உடைய பெரிய உறுப்புகள் உள்ள போர்டுகளுக்கு இன்னும் இந்த அலை யந்திரம்தான். மீட்டர், இன்வெர்ட்டர் முதலியவை அந்த ஜாதி.

யந்திரத்தின் நடுவில் ஓர் ஈயக் கொப்பரை. அதில் சுமார் நானூறு கிலோ உலோகம் உருகிக் கிடக்கிறது. நானூறு கிலோ என்றாலும், ஈயத்தின் கனத்தினால் அளவில் அது மூன்று நான்கு குடங்களுக்கு மேல் இராது. அடியிலுள்ள ஒரு பம்பு அந்த உலோகத்தை மேலே தள்ள, அது ஒரு நீண்ட வாயின் வழியாகப் பொங்கி, மதகில் வழியும் நீரைப் போல் அலையாக விழுகிறது. போர்டுகள் சங்கிலியில் மாட்டிக் கொண்டு வரிசையாக வருகின்றன. முதலில் களிம்பு நீக்கும் திராவகம் அவற்றின் அடியில் தெளிக்கப்படுகிறது. இதற்கு 'ப்ளக்ஸ்' என்று பெயர். நவச்சாரத்தின் ஸ்தானம் இதற்கு. பிறகு சூடேற்றும் பகுதியில் சுமார் நூறு டிகிரிக்கு மேல் காய்கின்றன. பிறகு அலையின் முகட்டில் அடிப்பக்கம் மட்டும் நனையும்படி இரண்டு முதல் நான்கு விநாடி தவழ்ந்து போகின்றன. நூற்றுக்கணக்கான பொட்டுகளும் அந்த நான்கு விநாடிக்குள் விழுந்துவிடுகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி!

கொப்பரையில் இருப்பது என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில், காரீயம் 327-ல். ஆனால் வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தால், அந்தக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒன்று சேர்ந்து இளகிவிடுவது போன்ற இந்த விசித்திரத்தை நம்பியே பல தலைமுறைகள் மின்சாரத் தொழில் நடந்தது. காரீயம் விஷம் என்பதால், ஐரோப்பிய நாடுகள் 2006-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து பெரும்பாலான மின்னணுச் சாமான்களில் அதைத் தடுத்தன. நம் நாட்டிலும் மின்கழிவு விதிகள் 2012-ல் அமலுக்கு வந்து, காரீயக் கட்டுப்பாடு 2014-ல் நடைமுறையாயிற்று. இப்போது பெரிய ஆலைகளில் வெள்ளீயத்துடன் நூற்றுக்கு மூன்று பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் சேர்ந்த கலவை பிரசித்தம். இது 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். ஆகவே கொப்பரையை 255 முதல் 265 டிகிரி வரை காய்ச்ச வேண்டியிருக்கிறது. சட்டம் விலக்கு அளித்துள்ள சில இனங்களிலும், பழுது பார்க்கும் கடைகளிலும் காரீயக் கலவை இன்னும் புழங்குகிறது.

காலை நேரத்து ஆபத்து

நாம் போன சமயம் காலை ஏழு மணி. கொப்பரை அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தால் சாம்பல் நிறத்தில் உறைந்த கல். கிட்டத்தில் போய்ப் பார்க்க முயன்ற நம்மை யந்திர மேற்பார்வையாளர் தடுத்துவிட்டார்.

"வேண்டாம், ஸார். நேத்து ராத்திரி அணைச்ச கொப்பரை. மேலே ஆறிக் கல்லா இருக்கு, அடியிலேதான் உருகுது. உருகினது பெருகும், அதுக்குப் போக எடம் வேணும். எங்கேயாவது விரிசல் கிடைச்சா பீச்சி அடிச்சிடும். முழுக்க உருகற வரைக்கும் மூடியைத் திறக்கவும் மாட்டோம், பம்பைப் போடவும் மாட்டோம்."

பம்பை முன்னாலேயே போட்டால் உறைந்த உலோகத்தில் சிக்கிய சுழலி முறியும். அவசரக்காரர்களின் கொப்பரையில் இது நடப்பதுண்டு என்றார். சில ஆலைகளில் வேலைக்கு இரண்டு மூன்று மணி முன்பே தானாகக் காயும்படி கடிகாரம் வைத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டுப்போய், ஆளில்லாத வேளையில் கொப்பரை காய்ந்துகொண்டே போனால் என்ன செய்வது? அதற்காகத்தான் முதல் கருவியோடு சம்பந்தமில்லாத இரண்டாவது காவல் கருவி ஒன்று, குறித்த அளவைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். யந்திரத்தின் முகப்பில் 260 என்று எழுத்து ஒளிர்வதாலேயே கொப்பரை 260-ல் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. இந்தத் தொழிற்சாலையில் தினமும் தனி உஷ்ணமானி ஒன்றை உலோகத்தில் இறக்கிப் பார்த்து நோட்டில் குறிக்கிறார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர ஒரு நாள்கூட விடுபடவில்லை.

உருகிய ஈயத்துக்கு ஜன்ம விரோதி தண்ணீர். துளி நீர் அதன் அடியில் அகப்பட்டுக் கொண்டால், கண நேரத்தில் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு பெருகுகிறது. மேலே இருக்கும் உலோகத்தை வெடியைப் போல் வாரி இறைக்கிறது. ஆகையினால் கழுவி ஈரம் காயாத கரண்டியை உள்ளே விடுவதும், ஈரமான ஈயக் கட்டியைப் போடுவதும், கொப்பரையின் அருகில் தண்ணீர்ப் பாட்டில் வைப்பதும் பெரும் பிசகு. புதிதாகப் போடும் கட்டிகளைக் கொப்பரையின் விளிம்பருகே வைத்துக் காயவிட்டு, பிறகு மெள்ள இறக்குகிறார்கள். தீப்பிடித்தாலும் தண்ணீரை வீசக் கூடாது. அதற்குக் கரியமில வாயு அடைத்த அணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

கிட்டம்

காற்றுப் படப்பட, உருகிய ஈயத்தின் மேல் பாலாடையைப் போல் ஓர் ஏடு படிகிறது. இதை 'டிராஸ்' என்கிறார்கள். நம் கொல்லர்களின் பாஷையில் கிட்டம். அலை எவ்வளவு கொந்தளிக்கிறதோ, உஷ்ணம் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு கிட்டம் சேரும். சேர்ந்த கிட்டம் பம்பில் புகுந்தால் அலை தடுமாறும். அலை தடுமாறினால் போர்டுகளில் ஈயம் பாலம் போட்டு, சேரக்கூடாத இரண்டு கால்களைச் சேர்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு 'ஷிப்டி'லும் கிட்டத்தை வழித்து எடுக்க வேண்டும். யந்திரத்தைப் பேணுவதில் நித்திய கர்மம் இதுதான். தொழிலாளிக்கு அதிக அபாயம் உள்ள வேலையும் இதுதான்.

இதைச் செய்தவர் சுமார் நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. மற்றப் பெண்கள் அவரை 'அக்கா' என்றே அழைத்தார்கள். முதலில் அவர் பம்பை நிறுத்தினார். வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியைத் துணித் தொப்பிக்குள் அடக்கினார். பருத்தி உடையின் மேல் கனத்த முன்துணி, முழங்கை வரை உஷ்ணம் தாங்கும் கையுறை, கழுத்து வரை முகத்தை மறைக்கும் தடுப்பு, அதற்குள் பொடியை வடிகட்டும் சுவாச மூடி எல்லாவற்றையும் அணிந்து கொண்டார். நைலான் துணி உடுத்தி இந்த வேலைக்கு வரக்கூடாது. ஈயப் பொறி பட்டால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துளையிட்ட கரண்டியைக் கொப்பரையின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே உள்ளே விட்டார். கிட்டத்தை இரண்டு மூன்று தடவை மெள்ள அழுத்தி, அதில் சிக்கிய நல்ல ஈயத்தைக் கொப்பரைக்கே வழியவிட்டார். வழித்த கிட்டத்தை மூடியுள்ள இரும்புப் பெட்டியில் போட்டு உடனே மூடினார். அவசரமே இல்லை. வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுப்பதில் நம் வீட்டுப் பெண்கள் காட்டும் நிதானம் அதில் இருந்தது.

"மூடாமல் வைத்தால் என்ன?" என்று கேட்டோம்.

"காத்துலே பொடி பறக்கும் ஸார். கண்ணுக்குத் தெரியாது. மேலே, கையிலே, தலையிலே எல்லாம் படியும். அப்புறம் அந்தக் கையோடேதானே சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம்?"

இந்தக் கிட்டத்தில் பெரும்பகுதி நல்ல உலோகமே என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளீயம் நம் தேசத்தில் பஸ்தர் பிரதேசத்தில் சிறிதளவே அகப்படுகிறது. தேவையில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். ஆகையால் கிட்டத்தைக் காயலான் கடையில் கண்டவரிடம் எடைக்குப் போடுவது இரட்டை நஷ்டம். அங்கீகாரம் பெற்ற உருக்காலைக்கு அனுப்பினால் உலோகம் திரும்பி வரும். கண்டவரிடம் போனால், ஏதாவது ஒரு சந்தில் சிறுவர்கள் எதிரே திறந்த அடுப்பில் அது காய்ச்சப்படும். போர்டு வராத நேரத்தில் அலையை நிறுத்தி வைத்தாலே கிட்டம் கணிசமாகக் குறையும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு!

கொப்பரைக்கு உள்ளே வேறொரு வியாதியும் வளர்கிறது. போர்டுகளிலுள்ள செம்பு சிறிது சிறிதாக ஈயத்தில் கரைகிறது. அளவு மீறினால், செம்பும் வெள்ளீயமும் கூடி ஊசி ஊசியாகப் படிகங்கள் உண்டாகின்றன. பழைய காரீயக் கலவையில் இந்த ஊசிகள் மிதக்கும். கொப்பரையைச் சற்று ஆறவிட்டு வழித்துவிடலாம். புதிய கலவை லேசானது. அதில் ஊசிகள் மூழ்கிப் பம்பைத் தேடிப் போகின்றன. புதிய கலவைக்கு இன்னொரு துர்க்குணமும் உண்டு. சாதாரண எவர்ஸில்வர்ப் பாகங்களை அது அரித்துவிடும். காரீயக் காலத்துப் பழைய யந்திரத்தை மலிவாக வாங்கி, அதில் புதிய கலவையை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரித்து அரித்துக் கொப்பரையில் துளை விழுந்தால் நானூறு கிலோ நெருப்பும் தரையில்தான் வந்து நிற்கும். டைட்டானியம் பாகங்களோ, தக்க பூச்சுள்ள வார்ப்பிரும்போ போட வேண்டும். மாதிரி எடுத்து ரசாயன சாலையில் சோதிப்பதும், குறித்த காலத்தில் கொப்பரையைக் காலி செய்து உட்சுவரைப் பார்ப்பதும் அவசியம்.

புகையின் உண்மை

இந்தத் தொழிலைப் பற்றி வெளியார் அறிந்ததெல்லாம் 'ஈயப் புகை கெடுதல்' என்பதுதான். இதில் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறினால் விளையும் தீங்கும் சிறிதல்ல.

கொப்பரையின் உஷ்ணத்தில் காரீயம் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. கண்ணில் தெரியும் புகை ப்ளக்ஸின் புகை. ப்ளக்ஸ் பலவற்றில் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி எடுத்த ரோஜனம் கலந்திருக்கிறது. அது சூட்டில் சிதைந்து எழும் புகை சுவாசப் பைகளைப் பதைக்கச் செய்யும். பல மாதங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் உடம்பு அந்தப் புகையைப் பகையாகக் கொண்டுவிட்டால், பிறகு அணுவளவு புகையே இழுப்பு வரச் செய்துவிடும். தொழிலினால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் ரோஜனப் புகையும் ஒன்று என்று இங்கிலாந்து அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு இலாகா எச்சரித்திருக்கிறது. ஒரு முறை வந்த பிறகு அநேகருக்கு அந்த வேலையையே விட்டுவிட வேண்டியதாகிறது.

ஆகவே, "நாங்கள் காரீயமில்லாத கலவைக்கு மாறிவிட்டோம், இனிப் பயமில்லை" என்று முதலாளிகள் சொன்னால் அதைப் பாதி உண்மை என்று கொள்ள வேண்டும். காரீயம் போயிற்று, புகை போகவில்லை. உஷ்ணம் கூடியதால் புகை அதிகமாகக்கூட ஆகலாம். கைக்குட்டையை மூக்கில் கட்டுவதோ, மெல்லிய துணி முகமூடியோ இந்தப் புகையைத் தடுக்காது. அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுத்து வெளியே கொண்டு போகும் குழாய்தான் மருந்து. கையால் பற்றவைக்கும் மேஜைகளிலும், சூட்டுக்கோலின் முனையருகே அப்படி ஓர் உறிஞ்சு வாய் இருக்க வேண்டும். எதிரே விசிறி வைத்து ஊதினால், ஒருத்தியின் புகை அடுத்த மேஜைக்காரிக்குப் போகும். அவ்வளவுதான்.

உறிஞ்சு குழாய் இருந்தால் போதுமா? அதன் வடிகட்டியில் பிசின் அடைத்துக்கொண்டால் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும், காற்று போகாது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை அதன் வாயருகே பிடித்தால் விஷயம் தெரிந்துவிடும். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி கொண்டு முறைப்படி சோதிப்பது வேறு. ஆனாலும் தினமும் காலையில் இந்தக் காகிதச் சோதனைக்கு அரை நிமிஷம் செலவிடலாம். பிசின் அடைத்த குழாய் தீக்கும் வழி விடுகிறது. ப்ளக்ஸில் பெரும்பகுதி ஐஸோப்ரொபைல் ஆல்கஹால். சுமார் 12 டிகிரி உஷ்ணத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். சென்னையில் மார்கழி விடியற்காலைகூட அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே வருஷம் முழுவதும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. அதைத் தெளிக்கும் இடத்துக்கு அடுத்தாற்போல் சூடேற்றும் பகுதி! தெளிக்கும் வாய் அடைத்துச் சொட்டினாலும், சூட்டுத் தகடுகளின் மேல் பிசின் சேர்ந்தாலும் விபரீதம் பக்கத்தில் இருக்கிறது. ப்ளக்ஸ் டப்பாக்களை யந்திரத்தின் அடியில் அடுக்கி வைத்திருந்த ஒரு கூடத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். பெயர் சொல்ல விரும்பவில்லை.

சில பெரிய ஆலைகள், கிட்டம் சேராமலிருக்க அலையின் மேல் நைட்ரஜன் வாயுவைப் பரவ விடுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் கசிந்து பிராண வாயுவை விலக்கிவிட்டால், மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கைகூட இல்லாமல் மனிதன் சாய்ந்துவிடுவான். பிராண வாயு 19.5 பங்குக்குக் குறைந்ததும் அலறும் மணி அங்கே இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கத் தனி ஆளாக உள்ளே ஓடவும் கூடாது.

கையும் வாயும்

காரீயம் புகையாக வருவதில்லை என்றோம். அது வேறு வழியாக வருகிறது. கிட்டத்தின் பொடியிலும், ஈயக் கம்பியைத் தொட்ட விரலிலும் ஒட்டிக்கொண்டு, சாதத்தோடும் வெற்றிலையோடும் வயிற்றுக்குள் போகிறது. நம்மவர் கையினால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். ஆகையால் இந்த வழி நமக்கு இன்னும் அகலமானது. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. யந்திரக் கூடத்தில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. இரண்டு விதிகளும் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் கை கழுவும் குழாய் இருநூறு அடிக்கு அப்பால், சாப்பாட்டுக்கு விட்ட நேரம் இருபது நிமிஷம் என்றால், விதி சுவரில் தொங்கும், கை கழுவப்படாது. கூடத்தின் வாசலிலேயே குழாயும் சோப்பும் வைப்பது முதலாளியின் கடமை. காரீயம் இரத்தத்தில் கலந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் அது போய்ச் சேரும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், அதிகாரிகளுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களை வரிசைப்படுத்தியபோது முதலாவதாக எழுதியது ஈய விஷத்தைத்தான்.

பழுது பார்க்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கிலியிலோ பம்பிலோ கை வைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, பூட்டின் சாவியைப் பழுது பார்க்கிறவரே தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "அணைத்திருக்கிறது, யாரும் போடாதீர்கள்" என்று கூவிவிட்டுக் கையை விடுவது நம் நாட்டுப் பழக்கம். அந்தக் கூவல் காதில் விழாத ஒருவன் எப்போதும் இருப்பான். மின்சாரத்தைப் பூட்டினாலும் உஷ்ணத்தைப் பூட்ட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. அணைத்துப் பல மணி நேரம் வரை கொப்பரை சுடும். சிவப்பு நிற அவசரப் பொத்தானை அழுத்தினால் சங்கிலி நிற்கும், ஈயம் ஆறாது.

எல்லா விதிகளும் இருந்தும் விபத்து நடப்பது ஏன் என்று மேற்பார்வையாளரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாசக் கடைசி ஸார்" என்றார். மாதக் கடைசியில் கணக்குக்குப் போர்டுகள் போய்ச் சேர வேண்டும். கிட்டம் வழிக்கப் பத்து நிமிஷம் யந்திரத்தை நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று மேலேயிருந்து கேள்வி வரும். அதனால் அலை ஓடும்போதே கரண்டியை விடுகிறார்கள். முகத் தடுப்பை மாட்டவும் நேரமில்லை. தம் தொழிற்சாலையில் எந்தப் பெண்ணும் யாரையும் கேட்காமல் யந்திரத்தை நிறுத்தலாம் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருப்பதாக அவர் சொன்னார். அந்தக் காகிதம் கொப்பரைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. சென்ற மாதம் இரண்டு முறை அப்படி நிறுத்தினார்களாம். இரண்டு முறையும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்று அக்கா கூறினார். நம்மைப் பொறுத்தவரையில் டைட்டானியக் கொப்பரையைவிட இந்தக் காகிதம் விலை உயர்ந்ததென்று தோன்றியது.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக் கூடியதும் சில உண்டு. இந்த வேலைக்குப் போகும் பெண்ணோ பிள்ளையோ உள்ள குடும்பத்தினர், இருமலும் மார்பில் இழுப்பும் எந்த நாளில் வருகின்றன என்று கவனிக்க வேண்டும். வேலை நாட்களில், முக்கியமாக இரவில் வந்து, விடுமுறையில் ஊருக்குப் போனால் குறைந்துவிடுகிறதென்றால், அதை ஜலதோஷம் என்று கஷாயம் வைத்துக் கொடுத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. டாக்டரிடம் போய், வேலை ஈயம் பற்றவைப்பது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாததால் காரணம் புரியாமல் வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஈயம் தெறித்துச் சுட்டுவிட்டால், மை, பற்பசை, இட்லி மாவு ஒன்றும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டி, ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காரீயக் கலவை புழங்கும் இடமானால், வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டு வருவது உத்தமம். அதற்கு வசதியில்லாவிட்டால், வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளித்துவிட வேண்டும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத் தக்க அளவு எதுவும் இல்லையென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. கழற்றிய உடையை உதறாமல் தனி வாளியில் நனைத்து, குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைத்துக் காயப்போட வேண்டும்.